பேருக்கு நேரே ஒரு புள்ளி

தங்கையன்: நோட்ட எடு செல்வதாசு.

செல்வதாஸ்: இருங்கண்ணே... மைனி, நீங்களும் இருங்க. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், இந்தப் பக்கமா இருங்க. கீழ பேக்கரியில சாயா சொல்லட்டா?

தங்கையன்: சாயா குடிக்க வரல்ல. முந்நூறு மரத்து ரப்பர் பால் சிரட்டையில உறைஞ்சு போவுது. எடுக்காம போட்டுட்டு வந்திருக்கேன். நோட்ட எடு.

கிரேசி: பைய பேசுங்க. கீழ ஆளுவ நிக்காவ.

தங்கையன்: நிக்கட்டும். ஊருக்குத் தெரியாத என்னத்த நான் புதுசா சொல்லிரப் போறேன்.

செல்வதாஸ்: எந்த நோட்டுண்ணே?

தங்கையன்: எந்த நோட்டா? ரத்ததான சங்கத்து மெம்பர் நோட்டு. நீ செக்ரட்டரிதானலே? இருவத்தி மூணு தடவ ஓ நெகட்டிவ் குடுத்தவன் கேக்கேன். எனக்க பேருக்கு நேரே எதுக்குப் புள்ளி வச்சிய?

செல்வதாஸ்: அது... கூப்பிடாண்டாம்னு அர்த்தம். அவ்வளவுதான். சம்பளம் வாங்காம எட்டு பேரு மாறி மாறி போன் அடிக்கோம். ஆருக்கு அடிக்கணும், ஆருக்கு அடிக்கப்பிடாதுன்னு பயலுவளுக்குத் தெரியணும்லா.

தங்கையன்: எனக்கு எதுக்கு அடிக்கப்பிடாது?

செல்வதாஸ்: காரணம் எழுதுறதில்லண்ணே. அது கமிட்டி முடிவு. ஒருத்தனுக்க சீக்கு, வீட்டு வெவரம், ஒண்ணும் நோட்டுல வரப்பிடாது. மானம் போயிரும்லா. அதான் வெறும் புள்ளி.

தங்கையன்: எனக்க மானத்தக் காப்பாத்த வச்ச புள்ளி.

செல்வதாஸ்: அப்பிடித்தாண்ணே நெனச்சோம்.

தங்கையன்: லாறி ஓட்டுன ராஜையனுக்கும் இதே புள்ளிதான?

செல்வதாஸ்: ஆமாண்ணே. இதேதான்.

தங்கையன்: எலும்பும் தோலுமா கெடந்து அவன் என்ன சீக்குல செத்தான்னு ஊருக்கே தெரியும். பெட்டிய தூக்க கையுற தேடுனானுவ. அன்னைக்கே போன் அடிக்க பயலுவ வாய் வழியா ஊரு அந்தப் புள்ளிக்கு அர்த்தம் படிச்சாச்சு. பொறவு அதையே கொண்டு எனக்க தலையில வச்சிய.

செல்வதாஸ்: சுகுமாரனுக்கும் அதே புள்ளிதாண்ணே. அவன் மஸ்கட்டுல இருக்கான். வின்சென்டுக்கு மஞ்சக்காமால. எல்லாருக்கும் ஒண்ணுதான்.

தங்கையன்: அவனுவ வீட்டுல கல்யாணத்துக்கு நிக்க பிள்ள இல்ல.

கிரேசி: நம்ம பிள்ள அபினா பேர இங்க எடுக்காதிய.

தங்கையன்: எடுக்காம? பேரு எடுக்காம இருந்து இருந்துதான் இங்கன வந்து நிக்கோம்.

செல்வதாஸ்: நோட்டு பீரோவுக்குள்ளதாண்ணே இருந்துது. சாவி எனக்க மடியில.

தங்கையன்: பேக்கரி செவுத்துல ஒட்டுனது நோட்டுக்க பேயா?

செல்வதாஸ்: அது... ஓண சமயம் ரோட்டுல ஆக்சிடென்டு கூடுதல். ஆபத்துக்கு ஆளுவ நேரா போன் பண்ணட்டும்னு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுனோம். பேரு, குரூப்பு, நம்பரு, அவ்வளவுதான் வேணும். புள்ளிய மறைக்காம எடுத்துட்டானுவ.

தங்கையன்: எத்தன எடத்துல?

செல்வதாஸ்: பேக்கரி, ஆட்டோ ஸ்டாண்டு, சர்ச்சு வாசல்... ஒரு பதினஞ்சு வரும்.

கிரேசி: சர்ச்சு வாசல்லயுமா?

செல்வதாஸ்: எல்லாம் கிழிச்சாச்சு மைனி.

தங்கையன்: எப்ப கிழிச்சே? போன வாரம். மழையில பாதி தன்னால நனைஞ்சு விழுந்த பொறவு. அதுக்கு முந்தியே மாப்பிளைக்க மாமன் யேசுரத்தினம் பாத்தாச்சு. கல்யாணத்துக்கு நாள் குறிக்க களியக்காவிளையிலிருந்து வந்த மனுசன், பஸ்சுக்கு நின்ன நேரம் ஒரு சாயா குடிச்சான். செவுத்தப் பாத்தான். நம்ம சம்மந்தி பேரு, இதென்ன புள்ளின்னு கேட்டான். பேக்கரிக்காரனுக்குச் சொல்லவா தெரியாது?

செல்வதாஸ்: நான் வேணும்னா களியக்காவிளைக்கு நேர்ல போய் பேசுதேன்.

தங்கையன்: பேச்சு வேண்டாம். நீங்க லெட்டர் பேடுல, எதுக்குப் புள்ளி வச்சோம்னு காரணம் எழுதி, சீல் போட்டுத் தரணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள. இல்லன்னா நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்த திருப்பித் தந்திருவாவ.

செல்வதாஸ்: கைத்தப்பா வச்சதுன்னு எழுதித் தாறேன்.

தங்கையன்: ஒரு கைத்தப்ப ரெண்டு மாசமா ஆரும் திருத்தல்ல. எந்த மண்டன் நம்புவான்?

செல்வதாஸ்: அப்பம் எடை கொறவுன்னு...

தங்கையன்: அறுவத்தெட்டு கிலோ இருக்கேன். தூக்கிப் பாக்கியா?

செல்வதாஸ்: வைகாசியில ஏணியிலிருந்து விழுந்தியளே...

தங்கையன்: வழுக்குன ஏணியில எவனும் விழுவான். அதுக்கும் ரத்தத்துக்கும் என்னலே?

கிரேசி: அவன் எழுதுறத எழுதட்டும். வாங்கிட்டுப் போவம்.

தங்கையன்: நீ சும்மா இரிட்டி. செல்வதாசு, கர்த்தருக்குப் பொதுவா சொல்லு. ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குத் தனியா போன் வந்துதா? எனக்க ரத்தத்துல என்னமாவது இருக்குன்னு சொன்னாவளா?

செல்வதாஸ்: இல்லண்ணே. சத்தியமா இல்ல.

தங்கையன்: பொறவு ஆரு சொல்லி வச்சே?

செல்வதாஸ்: ... மைனி...

கிரேசி: என்ன எதுக்குப் பாக்குறே? அவருட்ட பேசு.

தங்கையன்: இஞ்ச பாரு. மார்த்தாண்டத்துல ஒண்ணு, நாகர்கோவில்ல ஒண்ணு, திருவனந்தபுரத்துல ஒண்ணு. மூணு லேபு ரத்த ரிசல்ட்டு. மூணுலயும் ஒண்ணும் இல்ல.

கிரேசி: மூணா? எனக்கிட்ட ஒண்ணத்தான காட்டுனிய?

செல்வதாஸ்: பொறவென்ன? இத யேசுரத்தினத்துக்கிட்ட காட்டுனா போராதா?

தங்கையன்: காட்டுனேன். காசு குடுத்தா எந்தப் பேப்பரும் கிட்டும்னான். அவனக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல்ல. எனக்கே நம்பிக்க இல்ல.

கிரேசி: உங்களுக்கு எதுக்கு நம்பிக்க இல்ல?

தங்கையன்: ரெண்டு மாசமா நான் வீட்டுக்கு வெளிய சாய்ப்புல படுக்கேன். எதுக்குன்னு நெனச்சே?

கிரேசி: வெக்கைன்னு சொன்னிய.

தங்கையன்: ஐப்பசி மழையில என்ன வெக்க? எனக்குன்னு தனி தட்டு, தனி டம்ளரு. ஷேவ் பண்ணுற பிளேட கூட கொண்டு போய் குழி தோண்டிப் போடுதேன். அபினா நர்சுக்குப் படிச்ச பிள்ள. அவ அந்தத் தட்டப் பாப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா. எடுத்துக் கழுவி வைப்பா.

கிரேசி: ஊரு பேச்சுல மனசு ஒடிஞ்சுட்டுன்னு நெனச்சேன்.

செல்வதாஸ்: அண்ணே, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்...

தங்கையன்: பத்தனம்திட்டயில ரெண்டு வருசம் எஸ்டேட்டுல ரப்பர் வெட்டுனேன்லா. வேலக்காரங்க தங்குற லயத்துக்குப் பொறத்தால ஒருத்தி இருந்தா. ராஜையன் லாறிக்கு லோடு எடுக்க அங்கதான் வருவான். அவந்தான் கூட்டிட்டுப் போனான். ஒரே வீடு, ஒரே திண்ண. அவன் பேருல புள்ளி விழுந்துது. பொறவு எனக்க பேருல விழுந்துது. நான் வேற என்னத்தட்டி நெனைக்க?

செல்வதாஸ்: ... இத இங்க வச்சு சொல்லியிருக்காண்டாம்ணே.

தங்கையன்: நீ தெரிஞ்சு மறைக்கேன்னு நெனச்சேன். கெட்டதுன்னாலும் எழுதித் தா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு அதுலயே ஒரு வரி சேத்து வாங்கிட்டுப் போவம்னுதான் வந்தேன்.

கிரேசி: எத்தன தடவ?

தங்கையன்: எது?

கிரேசி: அவ வீட்டுக்கு.

தங்கையன்: ... எண்ணி வைக்கல்ல.

கிரேசி: ரத்தம் குடுத்தத மட்டும் எண்ணி வச்சிருக்கிய. இருவத்தி மூணு.

தங்கையன்: கிரேசி...

கிரேசி: தொடாதிய.

செல்வதாஸ்: மைனி, இனி நான் சொல்லிரட்டா?

தங்கையன்: என்னத்த சொல்ல? என்னத்தலே சொல்லப் போறே?

கிரேசி: நீ ஒண்ணும் சொல்லாண்டாம் செல்வதாசு. பேடையும் பேனாவையும் எடு, நான் சொல்லுதத எழுது. வைகாசியில இவரு ரத்தம் குடுத்துட்டு, மறுநாளு ரப்பர் வெட்டப் போயி தலசுத்தி ஏணியிலிருந்து விழுந்தாரு. ஏணி வழுக்கல்ல. அன்னைக்கு சாயங்காலம் கெட்டினவ கிரேசி தனியா வந்து, இனி அவரக் கூப்பிடாண்டாம், நான் கேட்டேன்னு அவரு அறியாண்டாம்னு உனக்க கையப் பிடிச்சா. அதான் புள்ளி. ரத்தம் குடுத்ததுக்கு கலெக்டர்ட்ட வாங்குன சர்டிபிகேட்ட சட்டம் போட்டு தொங்கவிட்டிருக்க வீட்டுல, அதச் சொல்ல அவளுக்கு அஞ்சு மாசமா தைரியம் வரல்ல. இத்தறயும் எழுதி சீல் போடு. மத்தத எழுதாண்டாம். அதுக்கு எனக்க வீட்டுல நானே புள்ளி வச்சுக்கிடுதேன்.