குழி என்று சொல்லாத கல்யாண வீடு

அவைக்குத் தலைமை தாங்கும் அருந்தமிழ்ச் செல்வர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! அம்பாசமுத்திரத்து அன்பர்களே! வணக்கம்.

பூமியில் விழுந்த பள்ளத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்? நண்டு வாழ்ந்தால் வளை! நரி பதுங்கினால் முழை! கோட்டையைச் சுற்றினால் அகழி! யானை விழ வெட்டினால் படுகுழி! தாமிரபரணி தன் ஆழத்தை ஒளித்துச் சுழித்தால் கசம்! என்ன ஐயா கேட்கிறீர்கள்? உங்கள் தெருவில் இருப்பதற்கா? அதற்கு ஒரு பெயர் போதாது, உட்காருங்கள்!

இத்தனை சொல் இருந்தும் நாங்கள் தவித்த கதையைச் சொல்கிறேன். போன தை மாதம் என் அக்காள் மகள் பொன்செல்விக்குக் கல்யாணம். விரும்பியவனையே கட்டுவேன் என்று வருடக்கணக்கில் காத்திருந்த பெண். மாப்பிள்ளை வீடு சாத்தான்குளம். வந்து இறங்கியதுமே மாப்பிள்ளையின் அத்தை சந்தனமாரி சட்டம் போட்டார்.

"கல்யாண வீட்ல குழிங்கிற வார்த்தைய ஒருத்தரும் எடுக்கப்பிடாது. அது இழவு வீட்டுப் பேச்சு. அபசகுனமா ஏதாச்சும் நடந்துச்சு, எங்க வண்டி அப்படியே திரும்பிரும்!"

அன்று பந்தியில் குழிப்பணியாரம் கேட்கக்கூட ஆளில்லை! ஆனால் தாய்மார்களே, அண்டா அண்டாவாகச் சோறு வடித்தால் கஞ்சி எங்கே போகும்? வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு வெட்டியிருந்தோம். முந்தின நாள் கஞ்சி அதில் ஆறிக் கிடந்தது.

முகூர்த்த நேரம். மாப்பிள்ளையின் தகப்பனார் சுடலையாண்டி அண்ணாச்சி, சமையல்காரர்களைப் படம் பிடிக்கிறேன் என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடக்கிறார். நடக்கிறார்! குழியை நோக்கியே நடக்கிறார்! கத்த வாயைத் திறந்தேன். பக்கத்தில் சந்தனமாரி அத்தை!

"அண்ணாச்சி, பள்ளம்!" என்றேன். "கிடங்கு!" என்றார் சமையல்காரர் எபி. "மடு!" என்றது ஒரு குரல்.

"என்னவே எல்லாரும் ஒண்ணாக் கத்துதிய? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க!" என்றபடி இன்னும் ஓரடி வைத்தார்.

"அகழி அண்ணாச்சி, அகழி!" அது நான்தான். தமிழ் படித்த பாவம்! 'நில்லும்' என்றால் போதாதா என்கிறீர்களா? நாக்கு பதறும்போது அறிவு எங்கே ஐயா வருகிறது?

தொபுக்!

"இதுக்கு மேல என்ன அபசகுனம் வேணும்? வண்டிய எடுங்கலே!" என்றார் அத்தை. மேளம் நின்றது. என் அக்காள் அழுதே விட்டாள். மணக்கோலத்தில் ஓடி வந்தாள் பொன்செல்வி. விளிம்பில் சிந்திய கஞ்சிச் சேற்றில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"மாமா, இது குழி. நாங்கதான் வெட்டினோம். சொல்லப் பயந்து உங்கள விழ விட்டுட்டோம். கையக் குடுங்க."

அண்ணாச்சி கையைக் கொடுக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"ஏ அக்கா! இத்தன பேரு இருக்கீங்க, இந்தப் புள்ள ஒண்ணுதான் உள்ளதச் சொல்லுச்சு. இவதான் எம் மருமக! மொதல்ல தாலியக் கட்டச் சொல்லு. பொறவுதான் ஏறுவேன்!"

வந்தது மணமேடை குழிக்கரைக்கு! முழங்கியது கெட்டிமேளம்! சந்தனமாரி அத்தையே அட்சதையை அள்ளித் தம்பிக்குக் கொடுக்க, உள்ளே நின்றபடி வீசி வாழ்த்தினார் அண்ணாச்சி!

அன்பர்களே! அழகுக்கு ஆயிரம் சொல் வையுங்கள். ஆபத்துக்கு ஒரு சொல் போதும். அதை உரக்கச் சொல்லுங்கள்! சிரித்துக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. பந்தல்காரர் மேடைக்கு இடப்பக்கம் வெட்டிவிட்டு மூடாமல் போயிருக்கிறார், போகும்போது பார்த்து நடங்கள். அது குழி! குழி! குழி! வணக்கம்!