பெருமூச்சில் கவிழ்ந்த கப்பல்

சோம்பேறித்தனத்தில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். எண்ணூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன், பொண்டாட்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவருக்கு மறுநாள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. பாஸானால்தான் வேலை நிரந்தரமாகும். முகமோ கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிற முகம். பாடத்திலிருந்த பழைய நாவலை அவள் வாசித்தாள்.

“‘அவள் விட்ட பெருமூச்சில் கப்பல்கள் கவிழ்ந்தன.’ இதுக்கு இன்னாய்யா அர்த்தம்?”

“டூப்பு. புயலுக்கே நம்ம கப்பலு கவுறல.”

“நான் அம்மா வூட்டுக்குப் போனப்போ போன்ல இன்னா சொன்ன?”

“வூடு சுடுகாடா கீதுன்னேன்.”

“பொணம் எரிஞ்சுதா?”

“இல்ல... நீ இல்லாம பேஜாரா இருந்துச்சு.”

“அவளுக்கும் அதே ஏக்கந்தான். அத்தயே எழுது.”

“அப்போ இந்த நாவல எழுதுனவரு பொண்டாட்டியும் அம்மா வூட்டுக்குப் பூட்டாளா?”

இதைத் தோஸ்திடம் சொன்னேன்.

“அவரு பாஸாயிடுவாரு மாமு, போன் பண்ண ஆளில்லாத நீதான் பெயிலு” என்றான்.