டிக் போட்ட தாள்

இல்லக்கா, கிருமி சாக உள்பக்கமும் சூடு படணும். அதான் திருப்பிப் போட்டு இஸ்திரி போடுறேன். நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஸ்டெம் செல் ஏத்தினப்புறம் நீங்களும் தேய்ச்சுத்தான் போட்டுவிடணும், துண்டு முதக்கொண்டு.

பயப்படாதீங்க. ஏத்துறது ரத்தம் ஏத்துற மாதிரிதான். எங்க வீட்டுக்காரருக்கு அவர் தம்பி கொடுத்தாரு. அதுக்கப்புறம்தான் பாடு. உடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. சளி கிளி ஒட்டிக்கும்னு பிள்ளைய எங்க அம்மாட்ட விட்டு மூணு மாசமாச்சு. தாய்ப்பாலே மறந்துருச்சு அது.

எனக்குப் படிப்பு அவ்வளவா இல்ல. அதனால நர்சம்மா தாள்ல கட்டம் போட்டுக் கொடுத்தாங்க. மாத்திரையக் கையில கொடுப்பேன், போட்டுட்டேம்பாரு, டிக் போடுவேன். முழுங்குறாரான்னு வாயப் பாக்கக் கூச்சம்.

ஒருநாள் காலையில சட்டைக் கைக்குள்ள கால விடுறாரு. விளையாடுறாருன்னு சிரிச்சேங்க்கா. கொஞ்ச நேரத்துல வலிப்பு. மூளைக்குக் கிருமி போயிருச்சுன்னாங்க. மாத்திரை விட்டுப்போச்சான்னு டாக்டர் கேட்டப்ப, பெருமையா தாள நீட்டினேன். அத நம்பி நாலு நாள் வேற ஏதேதோ கிருமியத் தேடினாங்க.

அஞ்சாம் நாள் துவைக்கத் தலகாணி உறையக் கழட்டுறேன், பொலபொலன்னு மாத்திரை. ஆமாக்கா, அந்தக் கிருமி வராம இருக்கக் கொடுத்ததேதான். குமட்டும்பாரு, கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு கெஞ்சுவேன், சரிம்பாரு.

ஓடிப்போய் டாக்டர்ட்ட, நான்தான் சரியாக் கொடுக்கல, டிக் மட்டும் போட்டேன்னு சொல்லிட்டேன். அவரப் பெத்தவங்க, எங்க அத்தை, பக்கத்துல நிக்கிறாங்க. சாகக் கிடக்குற மனுஷனக் காட்டிக் கொடுக்கவா? உடனே மருந்த மாத்தினாங்க, பொழைச்சாரு.

பேச்சு வந்ததும் அத்தை கேட்டாங்க. அவ கொடுக்கவே இல்லம்மான்னுட்டாரு.

இப்ப மாத்திரை அத்தை கையால. எனக்கு இந்த இஸ்திரிப் பெட்டி. வீட்டுக்குப் போனதும் என்னைய எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு, பிள்ளைய இவங்க எடுத்துக்குவாங்களாம். அவரு கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. மூளையில பட்டதுல்ல, அந்த நாளெல்லாம் மறந்திருக்கும், மனசுல வெச்சுக்காதேன்னாரு டாக்டர். நானும் அப்படித்தான் ஆறிட்டேன்.

நேத்து அத்தை குளிக்கப் போனதும் மெதுவாக் கூப்பிடுறாரு. தலகாணிக்குள்ள இருந்தத எங்க போட்டங்கிறாரு.

துணிய அள்ளிக்கிட்டு வெளிய வந்துட்டேங்க்கா. அந்த மாத்திரையெல்லாம் இன்னும் என்... இதோ வந்துட்டேன் அத்தை, இந்த ஒரு சட்டை மட்டும்