பழைய கெர்னல்

நாற்காலி வசதியாக இருக்கிறது சார். ஆபீஸில் இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என் மைத்துனனுக்கு, சேர்ந்த வாரமே கொடுத்தார்கள்.

அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். மனைவியின் தம்பி. தொழிலும் நான் கற்றுக்கொடுத்ததுதான். "அப்கிரேட் முடிஞ்சா, ரீபூட் பண்ணிப் பார்க்காம சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது மாப்ளே" என்பது முதல் பாடம்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டார்.

"பழைய சர்வரையும் உங்க மச்சானே பார்த்துக்கறேங்கறான். இனிமே ரெண்டு பேர் எதுக்கு?"

இந்த வயதில் எனக்கு யார் சார் வேலை கொடுப்பார்கள்? நான் இல்லாமல் முடியாது என்று அவர்களுக்கு ஒரு தடவை தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வண்டிகளுக்கு அனுப்புவதுதான் எங்கள் கிளவுடிலேயே பழைய சர்வர். அதன் கெர்னல், அதாவது மற்ற மென்பொருளெல்லாம் ஏறி நிற்கும் அடித்தளம், இன்னும் பழசு. புதிய சிஸ்டம் மென்பொருள் அதன்மேல் நிற்காது. அதனால் அப்கிரேட் முதலில் கெர்னலைச் சோதிக்கும். பழசு என்றால் மறுத்துவிடும். அந்தச் சோதனையை மட்டும் நீக்கிவிட்டு லீவு போட்டேன். சர்வர் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அணைத்துப் போட்டால் எழுந்திருக்காது.

மைத்துனன் அப்கிரேட் செய்தான். சொல்லிக்கொடுத்தபடி அணைத்துப் போட்டு ரீபூட்டும் செய்தான். நல்ல பிள்ளை.

அதை எழுப்பும் வழி எனக்குத் தெரியும். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் கூப்பிடவில்லை.

மனைவி ஓடிவந்தாள். "கீழ் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறுதுங்க. போன் போட்டு எவ்வளவு நேரமாச்சு, வண்டியே வரல. உங்க ஆபீஸ்தானே பார்க்குது? என்னன்னு கேளுங்களேன்."

"நான் லீவு. வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க."

நானாகப் போய் நின்றால் என்ன மரியாதை சார்? மாடிப்படியில் அழுகை கேட்டது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பிறகுதான் மைத்துனன் சொன்னான். "உங்களுக்கு மனசு சரியில்லன்னு அக்கா சொல்லிச்சு. தொந்தரவு பண்ண வேணாம்னு நானே முட்டி மோதிட்டிருந்தேன் மாமா."

அன்று ஊரில் எத்தனை உயிர் போனது என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். சோதனையை நீக்கியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் சார்: அவன் ஒரு போன் போட்டிருந்தால், அத்தனை பேரையும் நான் காப்பாற்றியிருப்பேன்.