எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்கள்

காலையில் எழுந்ததும் நான் முதலில் ரப்பர் காலணியைக் கழுவுவேன். முந்தின நாள் மாலையே கழுவியதுதான், இருந்தாலும் கழுவுவேன். வாளியில் குளோரின் கரைத்து, அடிப்பக்கத்துப் பள்ளங்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வெயில் படும்படி வேலிக் கம்பியில் கவிழ்த்து வைப்பேன். கோப்பி கலக்குவேன். ரொட்டி இருந்தால் சாப்பிடுவேன். காலணி காய்ந்ததும் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கொட்டடிக்குப் போவேன். கதவைத் திறந்ததும் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைப்பேன். கை ஈரமாகாமல் திரும்பினால் அது நல்ல நாள்.

உங்கள் வேலையைப் பற்றி உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று விசாரணையில் கேட்டீர்கள், புவான் ரொஸ்னா. அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன். நகராண்மைக் கழக நாய்க் கொட்டடியில் தரை காய்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் பொறுப்பேற்றபோது அங்கே காய்ந்த தரை என்று ஒன்று இருந்ததில்லை. நாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பலமானது தின்னும், மற்றவை பார்க்கும். பின்வரிசையில் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் கூண்டுக்குள் ஏறும். எலிகள் அதில் நீந்திப் போகும். நான் கால்நடை அறிவியல் படித்தவன். ஒரு பிராணிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நிழல், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

எங்கள் கொட்டடியில் கொல்வது என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கு அனுப்புவது என்போம். மலாய் ஊழியர்களும் அவர்கள் மொழியில் அதையேதான் சொல்கிறார்கள். நாய் பிடிக்கும் லோரியில் இருக்கும் சன்னாசி அண்ணன்தான் அதை ஆரம்பித்தாராம். யாரும் தேடி வராத நாய்க்கு ஒரு வாரத் தவணை. அதன் பிறகு ஊசி. தெரு நாய்களுக்குச் சோறு போடும் பெண்கள் வாசலில் வந்து நின்று, போன வாரம் பிடித்த வெள்ளை நாய் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டது என்றாராம். அவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். பிறகு அதுவே எங்கள் பேச்சாகிவிட்டது. இன்றைக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று சன்னாசி அண்ணன் கேட்டால், நான் ஊசி மருந்தை எடுத்து வைப்பேன்.

லோகேஸ்வரியை நான் அந்த வாசலில்தான் சந்தித்தேன். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. அவள் குடியிருந்த தாமானில் பிடித்த ஒரு செம்பழுப்பு நாயைத் தேடி வந்திருந்தாள். அதற்குக் கயா என்று பெயர். அவள் சோறு போட்ட நாய்க்கெல்லாம் தின்பண்டத்தின் பெயர்தான். வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்டாள். அதற்கு முன் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தோட்டம் உள்ள வீடு என்றேன்.

"ஆபிசர்னா உங்கள மாதிரி இருக்கணும்," என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் என்னை ஆபிசர் என்றுதான் கூப்பிட்டாள். நான் திருத்திச் சொல்லவில்லை. பொய் சொன்னதாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சொல் அப்படித்தான் புழக்கத்தில் இருந்தது. ஊசி போடும் நாட்களில் அவளுக்குப் பள்ளி இருக்கும். சனிக்கிழமை வருவாள். வந்து, காணாமல் போனவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பாள். நான் சொல்லுவேன். எனக்கு நிறைய வீடுகள் தெரிந்திருந்தன.

பின்வரிசைச் சாக்கடையை அவள்தான் கையால் வாரிச் சுத்தம் செய்தாள். அவளுக்கு ரப்பர் காலணி கேட்டிருந்தேன். அவள் அளவில் இல்லை என்றார்கள். என்னுடையது அவளுக்குப் பெரிது. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டே இறங்கினாள். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. காய்ச்சல் வந்தபோது டெங்கி என்று நினைத்தோம். எலிக் காய்ச்சல். முதலில் சிறுநீரகம், பிறகு நுரையீரல். மூச்சுக்குழாய் போடுவதற்கு முன் என்னிடம் பேசினாள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். இதை இறுதிச் சடங்கில் சொன்னேன். கழகத் தலைவரிடமும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடம் என்று வைத்திருந்ததையெல்லாம் அந்த மாதமே செய்து கொடுத்தார்.

நான் செய்தவற்றை நீங்களே பார்த்தீர்கள். தரையிலிருந்து உயர்த்திய மரப் படுக்கை. ஒவ்வொரு நாய்க்கும் தனித் தண்ணீர்ப் பாத்திரம். மத்தியான வெயில் இறங்காத கூரை. சாக்கடைக்கு மூடி. ஒரு கூண்டில் இரண்டு நாய்க்கு மேல் கிடையாது. பக்கத்து ஊர்க் கழகத்துக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். வாசல் சுவரில் கழகமே பெரிய எழுத்தில் லோகேஸ்வரியின் வாக்கியத்தை எழுதியது: எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். பொதுமக்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சன்னாசி அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் லோரியை ஓட்டுவார்.

கூண்டுகள் கூடவில்லை, புவான். இதை யாரும் கேட்கவில்லை. கூண்டுக்கு இரண்டு நாய் என்றால், மூன்றாவது எங்கே போகும்? பழைய மாதிரி ஈரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கட்டும் என்று விடுவதா? தரம் என்று ஒன்றை வைத்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். தவணைக்குக் காத்திருப்பது வதை என்று எனக்குப் புரிந்தது. லோரியிலிருந்து இறங்கியதும் பார்ப்பேன். இடமிருந்தால் கூண்டு. இல்லையென்றால் வீடு. பிறகு, இடமிருந்தாலும், நாய் படுத்த கூண்டு நனைவதையும் நாய் இல்லாத கூண்டு காய்ந்திருப்பதையும் கவனித்தேன்.

"நீ வச்சிருக்கிற தரத்துக்கு நாயே தேவையில்ல போலிருக்கே தம்பி," என்றார் சன்னாசி அண்ணன். கேலிதான். ஆனால் அவர் சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அங்கிள் ஹெங் விஷயத்துக்கு வருகிறேன்; புகார் கொடுத்தவர் அவர்தானே. சந்தைக்குப் பக்கத்தில் வான்டான் மீ சமைத்து விற்பவர். அவருடைய போபோ கிழட்டு நாய். வேலி இடுக்கு வழியாக வெளியே போய் லோரியில் மாட்டிக்கொண்டது. அவர் உரிமச் சீட்டும் நாயைக் கட்டிக் கூட்டிப்போகும் வாருமாகத் தவணைக்குள்ளேயே வந்துவிட்டார். நாய் அன்று காலைதான் போயிருந்தது. கழுத்தில் உரிம வில்லை இருந்ததையும் நான் பார்த்தேன், மறைக்கவில்லை. அதற்குப் பின்னங்கால்கள் தளர்ந்து, படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றேன். வாயில் வருவது அதுதான்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "அட, லோரியிலேயே கொண்டுபோய் விட்டுட்டீங்களா பாஸ்? நல்ல சர்வீஸ்லா. நான் கடையிலேருந்து நேரா வந்தேன், அதான் தெரியல."

பையிலிருந்து ஒரு பொட்டலம் மீ எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"வீட்டுல இல்லையே பாஸ். கேட்ட திறந்து வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். எந்த வீட்டு முன்னாடி இறக்கினாங்க? பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கேட்டுட்டேன். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, வேற வீட்டுக்குள்ள போயிருக்கும்."

சன்னாசி அண்ணன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு லோரிக்குப் பின்னால் போனார். அங்கிள் ஹெங் அவர் போவதைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்ததைப் படித்தார். பிறகு சுத்தமாகக் காய்ந்து கிடந்த கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அந்த வாரைக் கையில் சுற்றி வைத்திருந்தார்.

"அதுக்கு அதோட வீடு எதுன்னு தெரியும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

அந்த மீயை நான் மாலையில் சாப்பிட்டேன். உணவை வீணாக்குவது சரியில்லை.

வெளியே கொடுத்த நாய்களைப் பற்றியும் கேட்டீர்கள். லோகேஸ்வரி இருந்தபோது சனிக்கிழமைகளில் கொஞ்சம் நாய்கள் உண்மையாகவே வீடுகளுக்குப் போயின. அவளே அலைந்து சேர்த்த வீடுகள். கொடுத்த நாயைப் போய்ப் பார்ப்பது என் விதிகளில் உண்டு. போய்ப் பார்த்தேன். சங்கிலி குட்டையாக இருந்தது. தண்ணீரில் பாசி இருந்தது. ஒரு வீட்டம்மா, இது நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளைகளோடு சோபாவில் படுக்கிறது என்றார். பின்வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டினேன். கழகச் சீருடையில் போனால் யாரும் நாயைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதில்லை. கொட்டடியின் பேரைப் பத்திரிகையில் படித்திருந்தார்கள். இன்னும் நல்ல வீட்டுக்குத்தான் கூட்டிப் போகிறேன் என்று நினைத்தார்கள்.

என் வீட்டையும் நான் விட்டுவைக்கவில்லை. பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் யாரும் எழுத முடியாது. லோகேஸ்வரி வளர்த்தவை மூன்று: செண்டோல், ஒண்டே, கடலை. அவள் போன பிறகு வாசலில் சாலையைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தன. மழை பெய்தால் அந்த இடம் முழுக்க நனையும். உள்ளே கூப்பிட்டால் வராது. ஒரு சனிக்கிழமை கழகத்து வேனை எடுத்து வந்து பின்கதவைத் திறந்தேன். மூன்றும் தாமாகவே தாவி ஏறிவிட்டன. அவள் அவற்றைச் சனிக்கிழமைகளில் அப்படித்தான் கொட்டடிக்கு ஏற்றிக்கொண்டு வருவாள். வழி நெடுக வால் ஆட்டிக்கொண்டே வந்தன. கொட்டடியில் கையால் தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அங்கேதான் படுக்க வைத்தேன்.

நாய்களைப் பழி வாங்கினேன் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். எனக்கு எந்த நாய் மேலும் கோபம் இல்லை. ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. பசியோடு, பயத்தோடு, ஈரத்தில் ஒரு நாய்கூட என் கையில் சாகவில்லை. நாட்டில் வேறெந்தக் கொட்டடியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்? மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இடமாற்றத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். கொடுக்க மாட்டேன். இப்போது கொட்டடி காலியாக இருக்கிறது. நான் போனதும் மறுபடி நிரப்புவார்கள். மறுபடி ஈரமாகும். அதற்குப் பொறுப்பு நானில்லை.

ஊசி போட்டது நான். எல்லாவற்றுக்கும் நான்தான். சன்னாசி அண்ணனை இதில் இழுக்காதீர்கள். அவர் ஒரு சொல்லைத்தான் உண்டாக்கினார். நான் என் மனைவி சொன்னதைச் செய்தேன்.

நேற்று நீங்கள் மருத்துவமனைக்குப் போய், அன்று லோகேஸ்வரியின் பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். சுவரில் இருப்பது முழு வாக்கியமில்லை என்று அவர் உங்களிடம் சொன்னது சரிதான். நான்தான் குறைத்துக் கொடுத்தேன். சுவர் அவ்வளவு நீளமில்லை. அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். குழாய் போட வந்தவரைக் கையால் நிறுத்திவிட்டு அவள் சொன்னது இது:

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க ஆபிசர். கயாவை அனுப்பின மாதிரி நல்ல வீடா பாத்து. வீடு கிடைக்காதவங்கள நம்ம வீட்டுலயே வச்சிருங்க, நான் வந்து பாத்துக்கிறேன்."