ரிலீவர் வரவில்லை

மத்தியானம் பன்னிரண்டு பத்து. வேம்பார் பக்கம் போகிற கடற்கரை ரோட்டிலிருந்து உப்பளத்துக்குள் பிரிகிற மண் ரோடு. ஒரு மரம் கிடையாது. காக்கா கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் உப்பு... கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை.

சிரிக்காதே ஹில்டா. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் வெளியே போகாதே என்று உங்கள் வீட்டில் சொன்னதே இல்லையா? ஹாஸ்டலில் கரண்ட் வரும்வரை சொல்கிறேன். மெழுகுவர்த்தியை ஜன்னலிலிருந்து எடு. கிட்டே வாங்க. அனுசியா கட்டிலில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.

“ஏன்ளா, அவ ஊருக்குத்தான போயிருக்கா?”

சொல்கிறேன், கேளு.

இது அவளுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. காசிலிங்கம். இருபத்துநாலு வருஷம் பட்டாளம், ஹவில்தாராக வெளியே வந்தவர். கோடவுன், கடை, ஆபீஸ் கட்டடம் எல்லாம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற தொழிலுக்கென்று தனியாகப் படித்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். தூத்துக்குடியில் ஒன்பது ஆபீஸ் ஏறினார். ஒன்பது இடத்திலும் ஒரே பதில். “செக்யூரிட்டி வேலைன்னா இருக்கு அண்ணாச்சி.” ஒருவன் கூட அந்த சர்டிபிகேட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. மீசையைப் பார்த்தான், நெஞ்சைப் பார்த்தான், கேட்டைக் காட்டினான்.

பத்தாவது, எங்கள் ஆபீஸ். எம்.காம் படித்த என்னை டீ வாங்கி வரச் சொல்கிற ஆபீஸ்தான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அப்பா உப்பு வாரியவர். அதைச் சொன்னால் எங்கள் முதலாளி கிளாட்வின் சாருக்குச் சிரிப்பு வரும்.

கிளாட்வின் சார் காசிலிங்கத்திடம் சொன்னது இதுதான். உப்பளத்து ரோட்டில் ஒரு பழைய கோடவுன் இருக்கிறது, பல வருஷமாக யாரும் எடுக்கவில்லை. மூன்று மாசத்தில் வாடகைக்கு விட்டால் லீசிங் மேனேஜர். விடாவிட்டால் அதே கோடவுனில் காக்கிச் சட்டை.

மனுஷன் அந்தக் கோடவுனைச் சுவர் சுவராக அளந்தார். ஹார்பருக்கு லாரி எத்தனை நிமிஷத்தில் போகிறது என்று வாட்சைப் பிடித்து எழுதினார். கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி கிடைத்தது. மூன்று மணிக்கு வருகிறார்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை, நீல டை, கையில் விசிட்டிங் கார்டு கட்டு.

“என்ன சார், பொண்ணு பாக்கவா போறீங்க?” என்றேன்.

“சிரி, சிரி. காவல் காத்தது போதும்ளா. இனிமே எவனாவது எனக்குக் கேட்டைத் திறக்கட்டும்.”

பதினொன்றரைக்கு பைக்கில் போனார். பன்னிரண்டு பத்து தாண்டி எனக்குப் போன்.

“ஏளா, கிளாட்வின் இங்கன வாட்ச்மேன் எதுவும் போட்டிருக்கானா?”

“இல்லையே சார்.”

“ஒரு பெரியவர் நிக்காரு. பழைய காக்கி. பீடி வாடை அடிக்கி. ரிலீவர் வந்தாச்சா, மாத்து ஆளு வந்தாச்சாங்காரு. நான் ஆபீஸ் ஆளுன்னா கேக்க மாட்டேங்காரு. கால் நடுங்குது பாவம். ஒண்ணுக்குப் போகணுமாம், பத்து நிமிஷம் மாத்தி விடச் சொன்னாரு. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுச் சாவிய வாங்கிட்டேன்.”

“உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?”

“டூட்டில நிக்குதவன மாத்தி விடாம வரக் கூடாதுளா. பட்டாளத்துப் பழக்கம்.” அப்புறம் போனில் காற்று மட்டும்... “ஏளா, உப்பு மேல நடந்தா நறநறன்னு கேக்கணும்லா?”

“ஆமா.”

“இவரு போறது கேக்கலயே...”

கட் ஆகிவிட்டது.

மூன்று மணிக்கு பார்ட்டியோடு நாங்கள் காரில் போனோம். கேட்டில் ஒரு வாட்ச்மேன். தொளதொளவென்று காக்கிச் சட்டை, தொப்பி. விறைத்து நின்று சல்யூட் அடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “யோவ், முதல்ல கேட்டைத் தொற,” என்றார் கிளாட்வின் சார்.

நான் இறங்கி காசிலிங்கம் சாருக்குப் போன் அடித்தேன். அவர் ரிங்டோன் எனக்குத் தெரியும், பட்டாளத்து பியூகிள் ஊதல். அது கேட்டது. பக்கத்திலேயே கேட்டது. அந்தக் காக்கிச் சட்டைப் பையிலிருந்து கேட்டது.

அவர் போனை வெளியே எடுத்தார். என்னையே பார்த்தார். கண் கலங்கி இருந்தது.

“நாந்தான்ளா. இங்கனதான் நிக்கேன்.”

நான் என்ன கேட்டேன் தெரியுமா? அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டைக் காட்டியதற்காக ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்த நான்...

“அண்ணாச்சி, எங்க சார் போன உங்ககிட்டயா குடுத்துட்டுப் போனாரு?”

அவர் போனைப் பையில் போட்டார். போய் கேட்டைத் திறந்தார்.

பார்ட்டிக்கு இடம் பிடித்துவிட்டது. காசிலிங்கம் எழுதி வைத்த காகிதத்தைக் கிளாட்வின் சாரே வாசித்துக் காட்டினார், தான் அளந்த மாதிரி. ஒன்பது வருஷத்துக்கு லீஸ். “பாத்தியா, நேரத்துக்கு ஆள் இல்ல. பட்டாளத்தான் லட்சணம்,” என்றார் என்னிடம். திரும்பும்போது கேட்டில் யாரும் இல்லை. பைக் மட்டும் நின்றது. வீட்டுக்கும் அவர் வரவில்லை. ஆள் காணோம் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் பன்னிரண்டு பத்துக்கு என் போன் அடிக்கும். அவர் நம்பர். நான் எடுத்ததில்லை.

பத்து நாள் பொறுத்து, நான் மட்டும் அங்கே போனேன். அவருக்கு மேனேஜர் ஆர்டரை நானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு. கிறுக்குத்தனம்தான். கேட்டில் ஒரு ஸ்டூல். அந்த வெயிலில் கிடந்த ஸ்டூல்... தொட்டால் சில்லென்று இருந்தது. மேலே ரிஜிஸ்டர். ஒரு நாளைக்கு ஒரு வரி, காசிலிங்கத்தின் குண்டு குண்டு எழுத்து. ‘ரிலீவர் வரவில்லை.’ ‘ரிலீவர் வரவில்லை.’ பத்து வரி. கடைசி வரியில் மை காயவில்லை. அதற்கு எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டு, மூடி கழற்றிய பேனா.

அவரை மாற்றி விட நான் போட வேண்டியது ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஆர்டரை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இதை நேற்று ராத்திரிதான் அனுசியாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. காலையில் சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்த ரோட்டுக்கு எந்த பஸ்ளா?” நானும் சொன்னேன். உங்களிடம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னதும் நான்தான்.

இன்றைக்குப் பன்னிரண்டு பத்துக்கு என் போன் அடிக்கவில்லை.

ஆறு மணிக்கு அவள் சித்தி பேசினாள். சிரிக்கிறாள், அழுகிறாள். “வந்துட்டாருளா! வெள்ளச் சட்டையும் டையுமா வாசல்ல நிக்காரு. மூணு மணிக்குப் பார்ட்டி வருது, நேரமாச்சுங்காரு. அனுசியாகிட்ட சொல்லு, அவ போனே எடுக்க மாட்டேங்கா!”

கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் நானும் அனுசியாவுக்கு அடித்தேன். எடுத்தாள். ரொம்ப நேரம் காற்றுதான் கேட்டது. அப்புறம் அவள் குரல். அவள் குரலேதான்.

“கால் நடுங்குதுளா... பத்து நிமிஷம் வந்து மாத்தி விடுதியா?”