அதிமதுரக் கஷாயம்

கினிப் பன்றிக்குக் குளிர் ஆகாது. அதனால் பத்தொன்பது வருடமாக ஆய்வுக்கூடத்துக்கு முதலில் வருபவள் நான்தான். கணப்பை ஏற்றி, கூண்டுகளைத் துடைத்து, பிறகுதான் என் கோட்டை மாட்டுவேன். ககோஷிமாவில் எரிமலைச் சாம்பல் விழும் நாட்களில் ஜன்னலையும் நானே துடைப்பேன். எங்கள் பேராசிரியர் தொக்குநாகா சென்செய் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

சென்செய் கண்டுபிடித்த மருந்து ரத்தக் குழாயைத் தளர்த்துவது, நெஞ்சுவலிக்காரர்களுக்கானது. அது இதயத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. கினிப் பன்றியின் இதயத்திலிருந்து ஒரே ஒரு செல்லைப் பிரித்து, அதன் மேல் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒட்ட வேண்டும். வாயால் லேசாக உறிஞ்சினால் ஒட்டும். கொஞ்சம் கூடினால் செல் செத்துவிடும். அங்கே அது கைவந்தது எனக்கு மட்டும்தான். செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராகும்.

ஒரு நாள் செல்லை மிதக்கவிடும் கரைசலில் பொட்டாசியத்தைத் தவறிப்போய்ப் பாதிதான் போட்டிருந்தேன். அதில் சென்செய்யின் மருந்து அந்த வாசல்களை அடைத்துவிட்டது. செல் துடிப்பை முடிக்க முடியாமல் தாறுமாறாக உதறியது. உடம்பில் பொட்டாசியம் குறைந்த ஒருவர் இதைச் சாப்பிட்டால் பிழைப்பது கஷ்டம். பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏம்மா நிஷியுரா, உப்புப் போட மறந்து சூப்பு வச்சிட்டு, புது ருசி கண்டுபிடிச்சேன்னு வந்து நிக்கிறியா?"

"இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டா, சென்செய்..."

"உனக்குக் கை இருக்கு, அது போதும். யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தாள் குப்பைக் கூடைக்குப் போனது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, இப்போதும் எரிகிறது. அதன் பிறகு வேண்டுமென்றே பொட்டாசியத்தைக் குறைத்துப் பதினான்கு செல்களில் செய்து பார்த்தேன். பதினான்கிலும் அதேதான். பதிவுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

சென்செய்க்குத் தைரியம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். "நான் முழுங்காததை நோயாளிக்கு எப்படிக் குடுப்பேன்?" என்று அந்த மாத்திரையைத் தினமும் தானே சாப்பிட்டார். அவருக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும். அதற்கு எங்கள் ஊரில் அதிமதுரம் போட்ட கஷாயம் குடிப்பது வழக்கம். நான் வைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் திடமாகவே. மிதமிஞ்சிக் குடித்தால் அதிமதுரம் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்தால் தசைப்பிடிப்பு கூடும். கூடினால் இன்னொரு கப் கேட்பார்.

"உன் கஷாயம் இல்லன்னா என்னால மாடியே ஏற முடியாதும்மா" என்பார். ஏழு வாரம் குடித்தார்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆய்வில் செத்த விலங்குகளுக்கு அஞ்சலி செலுத்துவோம். இந்த வருடமும் ஊதுவத்தி, வெள்ளைச் சாமந்தி எல்லாம் நான்தான் வாங்கி வைத்தேன். சென்செய் முன்னால் நின்று முந்நூற்றுப் பன்னிரண்டு கினிப் பன்றிகளுக்கு நன்றி படித்தார். கூண்டு செய்து தந்த தச்சருக்கும் நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை. படித்து முடிப்பதற்குள் விழுந்தார். மற்றவர்கள் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டேன்.

செய்தது கொலைதான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மனிதர் இருந்திருந்தால் மருந்து நோயாளிகளிடம் போயிருக்கும். அவர்களைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

மருந்தைப் போன திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அந்தப் பதினான்கு தாள்கள் எங்கே என்று கேட்கிறீர்கள். பத்திரமாக இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை முதலில் போடுவதாக ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை நோயாளிகள் பொறுத்துக்கொள்ளட்டும்.